கொட்டப்பெட்டிக் காசு



களனியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கும் பேலியகொடை மரக்கறிச் சந்தைக்கும் அதிக தூரமில்லை. புறக்கோட்டையில் இருந்த மனிங் சந்தையை 2020 ஆம் ஆண்டு அங்கே மாற்றியதிலிருந்து எங்கள் பக்கத்துக்கு நள்ளிரவு என்று ஒன்று கிடையாது. தம்புள்ளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் லொறிகள் வந்தபடியே இருக்கும். முருங்கைக்காயும் வெங்காயமும் ஏற்றிவரும் சாரதிகள் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் தமிழில் கதைப்பது என் யன்னலுக்குக் கேட்கும். பண்டிகைக்கு முந்திய கிழமையென்றால் நித்திரையே இல்லை.

சென்ற தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருந்தபோது வெள்ளவத்தையில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். கிளிநொச்சிப் பக்கத்தவர். கணவர் 2009 இல் காணாமல் போனவர். பிள்ளைகள் இருவரையும் தாயிடம் விட்டுவிட்டு, இங்கே ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதிக்குச் சமைத்துக் கொடுக்கிறார். காலி வீதிப் புடவைக் கடைகளின் மின்விளக்குகளைப் பார்த்தபடி நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தங்கச்சி, ஊரிலை கடன் குடுக்கிற ஆக்கள் அம்மாவிட்டை வந்தவையாம். பெருநாள் கடன் எண்டு ஐம்பதினாயிரம் தருவினமாம், கிழமைக்குக் கிழமை கட்டினாச் சரியாம். அது வேண்டாமெண்டால் கச்சான் வியாபாரி முற்பணம் தாறன் எண்டு நிக்கிறாராம். விளைஞ்ச உடனை தனக்குத்தான் தரோணுமாம், விலையை இப்பவே கதைச்சு முடிப்பமாம். எதை எடுக்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பதில் சொல்லப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அன்றிரவு லொறிச் சத்தத்தில் விழித்துக் கிடந்தபோது எனக்கு நினைவு வந்தது என் பூட்டியின் கொட்டப்பெட்டி.

கொட்டப்பெட்டியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். பனையோலைச் சார்வில் இழைத்த கையடக்கமான பெட்டி. வெற்றிலை பாக்கு வைப்பார்கள், சில்லறைக் காசு வைப்பார்கள், இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வெள்ளவத்தையில் எங்கள் பெரியம்மாவோடு இருந்து காலமான அம்மம்மாவிடம் அவருடைய தாயின் கொட்டப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு நாற்சதுர ஐந்து சதக் குற்றிகள். வெள்ளைக்காரன் காலத்தில், 1909 இல் வரத் தொடங்கிய காசு அது. மூலைகள் மழுங்கிப் போயிருக்கும். அம்மம்மா அந்தக் குற்றிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்ன கதைகளில் சிலவற்றைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். கேட்கும்போது கதையாகத்தான் கேட்டேன். அது கணக்கு என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பூட்டிக்கு ஊர் மட்டுவில். பன்றித்தலைச்சி அம்மனும் பங்குனித் திங்கள் பொங்கலும் கத்தரிக்காயும் பெயர்பெற்ற ஊர். அவர்களுக்குப் பட்டணம் என்றால் சாவகச்சேரிதான். தென்மராட்சியின் பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் அந்தச் சந்தைக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் முதலில் ரயில் ஓடியதும் சாவகச்சேரிக்குத்தான் என்று அம்மம்மா பெருமையாகச் சொல்வார். அது உண்மையும்தான். 1902 மார்ச்சில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் பாதை திறந்தார்கள். கொழும்போடு முழுப்பாதையும் இணைந்தது 1905 ஆகஸ்டில்.

ரயில் வந்தபின் கொழும்புப் புறக்கோட்டைச் சாமான்கள் சாவகச்சேரிக் கடைகளுக்குச் சுருக்காக வரத் தொடங்கின. மல் வேட்டி, சீத்தைத் துணி, கண்ணாடிக் காப்பு, பிஸ்கற் தகரம், மண்ணெண்ணெய் விளக்கு. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பணம் மூன்று வழியாக வந்தது. மகன் கொழும்பிலோ மலாயாவிலோ கிளாக்கர் என்றால் மணியோடர் வரும். தெற்கே சுருட்டுக் கடை வைத்தவர் வீட்டுக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குத் தோட்டம். தோட்டம் என்றால் பெரும்பாலும் புகையிலை. மணியோடர் வீட்டார் கடைக்குள் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லித் துணி தெரிவார்களாம். தோட்டக்கார வீட்டார் கடை வாசலில் நின்று, கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார்களாம். கொப்பியில் ஏற்கனவே பெயர் இருந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். இன்றைக்கும் எங்களில் எத்தனை பேருக்கு அந்த நிற்கை பழக்கமானது!

புகையிலை விளங்காவிட்டால் மிச்சக் கதையும் விளங்காது. மாரி மழை ஓய்கிற மார்கழி, தையில் கன்று நடுவார்கள். அதற்கு முன்னரே நிலத்துக்கு ஆட்டுப் பட்டி அடைத்து எருப் போடவேண்டும், வன்னிக் காட்டிலிருந்து வண்டியில் வருகிற குழையை வாங்கித் தாழ்க்க வேண்டும். பிறகு நாள் தவறாமல் இறைப்பு. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். கடைசியில் சொன்ன வேலை பெண்ணுக்கோ பிள்ளைக்கோதான். பங்குனி சித்திரையில் வெட்டு. பிறகு குடிலில் தூக்கிப் பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவது. சிப்பம் கட்டி வியாபாரி நிறுத்து எடுத்துக் காசு கைக்கு வர வைகாசி, ஆனி ஆகிவிடும்.

இப்போது பண்டிகைகளைப் பாருங்கள். தைப்பொங்கல் வருவது கன்று நட்ட கையோடு, செலவழித்துக் களைத்திருக்கும் நேரம். சித்திரை வருடப் பிறப்பு வருவது புகையிலை குடிலில் தொங்கும்போது. தீபாவளி வருவது மழை தொடங்கி, பழைய காசு முடிந்து, புதிய செலவு ஆரம்பிக்கும் ஐப்பசியில். புகையிலைக் காசு கையில் இருக்கும் ஆனி ஆடியில் ஆடிக்கூழ் காய்ச்சுகிற ஆடிப்பிறப்பு மட்டும்தான். கூழுக்கு என்ன பெரிய செலவு! ஆக, சீத்தைத் துணியும் சீனவெடியும் வாங்கும் நாட்கள் எல்லாம் காசில்லாத நாட்கள்.

அந்த இடைவெளியில்தான் வியாபாரி வந்தார். பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் வந்து, "என்ன, பிள்ளையளுக்கு ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்று கேட்பாராம். கேள்வி பூட்டாவிடம். ஆனால் குரல் குசினிக்குக் கேட்கும் அளவுக்கு. பூட்டா முற்பணம் வாங்குவார். வாங்கிய அன்றே புகையிலையின் விலை பாதி முடிந்துவிடும். ஆனியில் வேறு வியாபாரி கூடக் கேட்டாலும் கொடுக்க முடியாது. நிறையில் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, முற்பணம், அதற்கு வட்டி. ஒரு வருடம் எல்லாம் கழித்தபின் பூட்டா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, திண்ணையில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாராம். இதைச் சொல்லும்போது அம்மம்மாவுக்கு எண்பது வயது. அப்போதும் குரல் தாழ்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பணப்பயிரும் விவசாயக் கடனும்' என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதினேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், நிலமில்லாத குடும்பங்கள் விளையப்போகும் பருத்தியை ஈடாக வைத்துக் கிராமக் கடையில் மாவும் துணியும் கடனுக்கு வாங்கியதும், அறுவடையில் கணக்குப் பார்த்தால் மறுபடி கடன்காரராகவே நின்றதும் அந்தப் பாடத்தில் வந்தது. நத்தார்ச் சாமானும் அதே கொப்பியில்தான் ஏறியது. போருக்குப் பிந்திய ஊர்களுக்குக் கடன்காரர் முந்திக்கொண்டு வருவது புதிதில்லை. எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் அந்த விடையில் கொட்டப்பெட்டிக்கு இடம் இருக்கவில்லை.

பூட்டியின் வளவில் பனைகள் நின்றன. சீதனமாக வந்த வளவு. ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழும். பிசைந்து பனாட்டுப் போடுவார். விதைகளைப் பாத்தியில் அடுக்கி மூடுவார். மழை முழுவதும் வீட்டுக்குள் இருந்து கடகமும் பெட்டியும் சுளகும் இழைப்பார். மார்கழி தையில் பாத்தி கிண்டினால் பனங்கிழங்கு. பொங்கலுக்குக் கிழங்கு கட்டுக் கட்டாக விற்கும். விற்காததைப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். அவை கெடாது. சித்திரைக்கும் விற்கலாம், அடுத்த தீபாவளிக்கும் விற்கலாம். புகையிலை காசு தராத மாதங்களில் பனை காசு தந்தது. புகையிலைக்குத் தண்ணீரும் எருவும் கடனும் வேண்டும். பனைக்கு இவை ஒன்றும் வேண்டாம். இந்த இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அந்த வீட்டில் பூட்டி ஒருவர்தான்.

பொங்கற்பானையும் பிள்ளைகளின் துணியும் கண்ணாடிக் காப்பும் அந்தக் காசில்தான் வந்தன. ஆனால் ஊரிலே யாரும் அதை வருமானம் என்று சொல்லவில்லை. "அவ கைச்செலவுக்கு ஏதோ செய்யிறா" என்பார்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் படிவங்களில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இடியப்பம் அவித்து விற்பவர், கோழி வளர்ப்பவர், மிளகாய்த்தூள் இடித்துக் கொடுப்பவர் எல்லோரும் 'வீட்டுப்பணி' என்றே எழுதியிருப்பதை நான் எத்தனையோ படிவங்களில் கண்டிருக்கிறேன். சில படிவங்களில் அப்படி எழுதியது நானேதான்.

ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. பூட்டி அந்த நாட்களில் சந்தைக்குப் போனவரல்ல. போவது குடும்பத்துக்கு 'மரியாதை இல்லை' என்றிருந்தது. கடகங்களையும் கிழங்கையும் தலையில் சுமந்து சாவகச்சேரிக்கு நடந்து, வெறும் நிலத்தில் குந்தியிருந்து, இடத்துக்கு வரி கட்டி விற்று வந்தவர் இன்னொரு அம்மா. எங்கள் குடும்பம் ஒதுக்கி வைத்திருந்த சாதியைச் சேர்ந்தவர். பத்துக் கடகம் விற்றால் ஒன்றின் காசு அவருக்கு. பொங்கலுக்குப் புதுத்துணி வாங்கிய பட்டணத்திலேயே அவர் தேத்தண்ணீர்க் கடைக்குள் ஏறிக் குடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தது 1960களின் பிற்பகுதியில்தான். அந்த அம்மாவின் பெயரை அம்மம்மாவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. "ஆச்சி எண்டு கூப்பிடுவம், மோனை" என்றார். உண்மையில் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டிருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிறகு புகையிலைக்குக் கெட்ட காலம் வந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையின் பெரிய வாங்குநர் மலையாளம், அதாவது அப்போதைய திருவிதாங்கூர். அந்த அரசு விதித்த தீர்வையும் கோயம்புத்தூர்ப் புகையிலையின் போட்டியும் சேர்ந்து அந்தச் சந்தையை மெல்ல மெல்ல அடைத்தன. கமக்காரர் தாமே சேர்ந்து விற்பதற்காக 1934 இல் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் அமைத்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் எங்கள் பூட்டாவுக்கு அது பிந்திவிட்டது. தோட்டக் காணி ஏற்கனவே ஒற்றியில் போய்விட்டிருந்தது. பூட்டியின் அட்டியலும் அடைவு வைத்துத் திரும்பவில்லை.

கடன் கொடுத்தவர் கடைசியாகக் கேட்டது பனை நின்ற வளவை. அதற்குப் பூட்டியின் கைநாட்டு வேண்டும். உறவினர் எல்லோரும் வந்து கதைத்தார்கள். புருசனின் மானம் என்றார்கள். பூட்டி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். மூன்று மாதம் பூட்டா அவரோடு கதைக்கவில்லையாம். பூட்டி சோறு போட்டு வைத்துவிட்டுப் போவாராம். அதற்குப் பிறகுதான், மரியாதையாவது ஒன்றாவது என்று, கடகத்தைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்கு நடக்கத் தொடங்கினார். அந்த ஐந்து சதங்கள் அந்தக் காலத்தவை.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் கதைக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது உங்களில் பலருக்கு இன்றும் நேரடியாகப் பொருந்துவது. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமையோடு சேர்த்து 1911 இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மனைவியின் சொத்து மனைவியுடையதுதான். நகை, தளபாடம், கடகம், கிழங்கு போன்ற அசையும் பொருட்களை அவர் தன் விருப்பப்படி விற்கலாம். ஆனால் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பூட்டியின் வளவு அவருடைய பெயரில் இருந்ததால் பூட்டாவின் கடனுக்காக அதை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் சட்டம் அவரைக் காத்தது. மற்றப் பக்கத்தில் அதே சட்டம் இன்று, கணவர் காணாமல் போன ஒரு பெண்ணைத் தன் சொந்தக் காணிக்கு முன்னால் கையைக் கட்டி நிறுத்துகிறது. சம்மதம் கொடுக்கக் கணவர் இல்லை. இறந்தார் என்று பதியவும் மனம் இல்லை. அப்படி இருப்பவர்கள் அறிந்துகொள்ளுங்கள்: கணவரின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

காணியை ஈடு வைக்க முடியாத பெண்ணிடம் கடன்காரர் எதைக் கேட்பார்? அவளுடைய சிநேகிதிகளைக் கேட்பார். இதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்றது.

2012 இல் நான் பட்டம் பெற்ற புதிதில் வன்னியில் ஒரு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். தீபாவளிக்கு முந்திய கிழமை, ஒரு கிராமத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து குழுக்கடன் எடுக்கப் படிவம் நிரப்பித் தரும்படி கேட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் பிணை. நல்லது என்று நினைத்தேன். மீள்குடியேறி வந்து பிள்ளைகளுக்கு முதல் முறையாகப் புதுத்துணி எடுக்கப் போகிறார்கள் என்ற சந்தோசத்தில் நானே என் பேனாவால் நிரப்பினேன். தவணை கிழமைக்கு ஒருமுறை என்பதையும், அவர்களின் வருமானம் போகத்துக்கு ஒருமுறை என்பதையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த மாரியில் வெள்ளம் வந்து கச்சான் அழுகியது. தவணை வாங்க வந்தவர் பொழுது படும்வரை வாசலில் இருந்தார். ஒரு பெண் கட்ட முடியாமல் போக, மற்ற நால்வரும் அவருக்காகக் கட்டினார்கள். பிறகு அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் படுத்து எழும்பியவர்கள். அவர் ஒருநாள் இரவு பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருவருக்கு ஒருவர் பிணை என்பது கெட்ட யோசனை இல்லை. 1911 இல், மேலே சொன்ன அதே வருடம், இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தபோது அவையும் உறுப்பினர் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்ற அடிப்படையில்தான் எழுந்தன. ஆனால் அங்கே சங்கம் உறுப்பினருடையது. வட்டி சங்கத்துக்கே திரும்பும். மழை பெய்து கெட்டால் கூட்டம் கூடித் தவணையைத் தள்ளலாம். நுண்கடனில் பிணை எங்களுடையது, வட்டி மட்டும் வேறு யாரோவுக்கு. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், நிபந்தனைகளோடு, பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டி வந்ததென்றால் நிலைமை எவ்வளவு மோசமாயிருந்தது என்று யோசியுங்கள். இது எங்கள் பக்கத்துக் கதை மட்டுமல்ல. 2021 மகளிர் தினத்திலிருந்து பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

பூட்டியின் வழி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கிழங்கு விற்ற காசில் அவர் தோட்டத்தை மீட்கவில்லை, அட்டியலையும் மீட்கவில்லை. பிள்ளைகள் பொங்கலுக்குப் பொங்கல் துணி உடுத்தார்கள், அவ்வளவுதான். வளவு மட்டும் மிஞ்சியது. 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது அந்த வளவில் எட்டுக் குடும்பங்கள் இருந்தன. எனக்கு ஏழு வயது. பனையின் கீழ் அடுப்பு மூட்டியது நினைவிருக்கிறது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரிப் பட்டணம் தரைமட்டமானது. பூட்டி நடந்து போன சந்தைப் பக்கம் எல்லாம் கல்லும் மண்ணும். ரயில் 2014 இல் திரும்ப வந்தது. சந்தையும் திரும்ப எழுந்துவிட்டது. வளவில் பனைகள் பாதி இல்லை. செல்லடியில் தலை போனவை.

வெள்ளவத்தைச் சகோதரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பதில் சொன்னேன். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பித் தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, இரண்டு பேரும் இருந்து நிரப்பினோம். கச்சான் காசு மாசியில். சம்பளம் மாத முடிவில். பள்ளிக்கூடச் செலவு எந்த மாதம், தவணை எந்தெந்தக் கிழமை. ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் வெறுமையாகக் கிடந்தன. அவர் அந்த மூன்று கட்டங்களையும் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மாவிட்டை போன மாசியிலை காயவிட்ட ஒடியல் ஒரு சாக்கு கிடக்கு" என்றார்.

அந்தச் சாக்கு இரவு பஸ்ஸில் வந்தது. வெள்ளவத்தை மாடிவீடுகளில் எங்கள் ஊர்க் கிழவர் கிழவிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒடியற்கூழ் என்றால் எழுந்து உட்காருவார்கள். சமையல் செய்யும் வீட்டம்மாவே நான்கு மாடிக்கும் சொல்லி அனுப்பினார். இடித்து மாவாக்கிப் பொதி செய்தவை மூன்று நாளில் முடிந்தன. அந்தக் காசு எல்லாவற்றுக்கும் போதவில்லை. மூத்தவளுக்குச் சட்டையும் சின்னவனுக்குக் காற்சட்டையும் வந்தன, தாய்க்குச் சேலை வரவில்லை. மிச்சத்துக்குச் சீட்டில் பிந்திய முறையை முந்தி வாங்கிக்கொண்டார். அதிலும் கொஞ்சம் நட்டம்தான். குழுக்கடன் எடுக்கவில்லை. வியாபாரிக்கு அரை மனதோடு 'பார்ப்பம்' என்று சொல்லி வைத்தார்.

மாசியில் ஊருக்குப் போய்க் கச்சான் கிண்டி விற்றுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். முற்பணம் வாங்கிய பக்கத்து வீட்டார் ஐப்பசியில் பேசிய விலைக்கே கொடுக்க வேண்டி வந்ததாம், இவர் அன்றைய விலைக்குக் கொடுத்தாராம். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை. பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "தங்கச்சி, கிழங்குப் பாத்தி கிண்டிக் கிடக்கு. வெள்ளவத்தைக்கு எத்தினை கட்டுக் கொண்டு வரட்டும்?" என்று கேட்டார்.

ஐம்பது என்றேன். இரண்டு கட்டு களனிக்கு என்றும் சொன்னேன்.